அப்பா கேட்காத பாதி

இரண்டு தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு மலர்களிலிருந்தும் ஒரே வாரத்தில் எனக்குச் செய்தி வந்தது. "அக்கா, நீங்க சின்ன வயசுலயே அமெரிக்கா வந்தவங்க. அந்தக் கால அனுபவம் பத்தி ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க." இரண்டிலும் அதே கும்பிடு கைகள், அதே கடைசி நாள், அதே மூன்று ஆச்சரியக்குறிகள்.

போன கோடை வரை நாம் ஒரே தமிழ்ப் பள்ளி. நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் ஒரே வாடகை அறை, ஒரே காபிக் குடுவை, அதைச் சுற்றி நின்று அதே க்ரீன் கார்டு புலம்பல். இன்று இரண்டு பள்ளி, இரண்டு வாட்ஸாப் குழு, ஒரே சனிக்கிழமையில் இரண்டு பொங்கல். பழைய லோகோ யாருக்குச் சொந்தம் என்பது வக்கீல் வரைக்கும் போயாயிற்று. ஒரு பனைமரப் படம். அதற்கு வக்கீல்.

"ஜஸ்ட் லீவ் போத் குரூப்ஸ், மா" என்கிறாள் என் மகள். பதினாறு வயதில் எல்லாமே விரலால் ஒரு தட்டு.

விடப்போவதில்லை. எரிச்சலாக இருக்கிறது, எரிச்சலை எங்காவது கொட்டியாக வேண்டும். எனவே இந்தக் கட்டுரையை இரண்டு மலர்களுக்கும் ஓர் எழுத்து மாற்றாமல் அனுப்புகிறேன். என் வயதுக்காரர்களே, அப்பா அம்மாவின் சூட்கேசோடு சூட்கேசாக இந்த நாட்டில் இறக்கப்பட்டவர்களே, இதே கூத்தை நீங்களும் ஏதாவதொரு ஊரில், ஏதாவதொரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது டெக்சஸில். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஹூஸ்டனிலிருந்து தெற்கே, ரசாயன ஆலைகள் சூழ்ந்த ஊர். காற்றில் எப்போதும் கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றம். செப்டம்பர் முழுக்கச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். அந்த ஊரில் எங்களுக்கு நூறு வருடம் முன்பே வந்துவிட்ட குடியேறிகள் செக் நாட்டுக்காரர்கள். பருத்தி விதைக்க வந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். உடற்பயிற்சிக்கும் நடனத்துக்கும் கல்யாணத்துக்கும். அதைத்தான் சனிக்கிழமை காலைகளில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். வேறு இடம் கிடைக்காமல் இல்லை. ஆனால் அங்கேதான் கொல்லையில் பன்றி இறைச்சி சாசேஜ் வாட்ட ஒரு செங்கல் குழி இருந்தது. பொங்கல் பானையை நிஜ நெருப்பில் ஏற்ற ஊரிலேயே அனுமதித்த ஒரே இடம். அந்தக் குழியின் கரியைத் தேய்த்துக் கழுவிவிட்டு அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்த சைவக் குடும்பங்கள் எங்களுடையவை. யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கூடத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மரத் தரைக்குப் பூசும் மெழுகு, பழைய அக்கார்டியன் பெட்டி, கசகசா அடைத்த பன். அதன் சாவிகளையெல்லாம் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் இருந்தார். அவரை நானும் மாமா பெண்ணும் 'சாவிக்காரர்' என்போம். சிரிக்காத மனிதர். வகுப்பு முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து, நாற்காலிகளின் அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கம்மைச் சுரண்டவைப்பார். நாங்கள் ஒட்டியதில்லை என்று சொன்னால், "வேறு யார் ஒட்டினார்கள், உங்கள் கடவுளா?" என்பார். ஊரில் டாக்டருக்குப் படித்தவராம். கம்யூனிஸ்டுகள் வந்தபின் ஓடிவந்து, இங்கே மருந்துக்கடையில் மாத்திரை எண்ணி, ஓய்வு பெற்றுச் சாவிக்கு வந்துவிட்டார்.

மாமா என்றது அம்மாவின் தம்பியை அல்ல. அப்பாவின் கல்லூரித் தோழர். மதுரையில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஒரே போலீஸ் வேன். சப் ஜெயிலில் ஒரே கம்பளி. அந்தக் கம்பளியை யார் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள் என்ற சண்டை பசிபிக்கைத் தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. டெக்சஸில் இரண்டு பேருக்கும் ஒரே ஆலையில் வேலை. ஊருக்கு ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கினார்கள். அப்பா தலைவர், மாமா செயலாளர். மொத்தம் பதினோரு குடும்பம்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. சென்னையில் செய்து, யாரோ கைப்பையில் கொண்டுவந்தது. மரக் கைப்பிடி, ஊதா மை. வட்டத்துக்குள் ஒரு பனைமரம், அதன் தலைக்கு மேல் டெக்சஸின் ஒற்றை நட்சத்திரம். அதைக் குத்திய கடிதம் போனால்தான் சென்னையிலிருந்து பாடப்புத்தகம் வரும். அப்பா அதை ஸ்டாம்ப் என்று சொல்லவே மாட்டார். முத்திரை என்பார். கூடத்தின் அலமாரி ஒன்றில், சங்கத்தின் தகரப் பெட்டிக்குள் அது வாழ்ந்தது. அலமாரிச் சாவி, சாவிக்காரர் கழுத்தில்.

அந்த இலையுதிர்காலத்தில் என் உலகத்தில் முத்திரை இல்லை. குதிரைதான் இருந்தது. பொங்கல் விழாவில் நானும் மாமா பெண்ணும் பொய்க்கால் குதிரை ஆடுவதாக ஏற்பாடு. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை அப்பாவும் மாமாவும் எங்கள் கராஜில் வெட்டி, ஹூலா வளையத்தில் கட்டி, இரண்டு குதிரை செய்தார்கள். என்னுடையது அப்பா செய்தது; கழுதை முகம். அவளுடையது மாமா செய்தது. சிவப்பு உல்லனில் நீண்ட வால், தகதகவென்று ஜரிகைத்தாள். கழுத்தை எந்தப் பக்கம் வளைப்பது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டார்கள். அவள் பக்கத்து ஊர், வேறு பள்ளிக்கூடம். சனிக்கிழமை மட்டும்தான் எனக்கு அவள். என் மதிய டப்பாவைப் பார்த்து மூக்கைப் பொத்தாத ஒரே பெண் இந்தப் பூமியில் அவள்தான் என்று அப்போது கணக்கு. ஒற்றை ஆளாக யாரும் பொய்க்கால் குதிரை ஆடுவதில்லை. ராஜாவும் ராணியும் வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மாமா முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஊர் இந்தியர் சங்கத்துல நமக்குப் பத்து நிமிஷம் குடுத்துருக்காய்ங்கடா. பொங்கல் முடிஞ்ச மறுவாரம். பெரிய ஹால், நெஜ மேடை, லைட்டு. பொண்ணுங்க குதிரைய அங்கயும் ஆடட்டும்."

"யாரு கம்பேர் பண்றா?" என்றார் அப்பா.

"யாரோ ஒரு அம்மா."

"எந்த பாஷைல?"

மாமா காபியை வேண்டுமென்றே நெடுநேரம் ஊதினார். "இங்கிலீஷ்லயும்... ஹிந்திலயும்."

"ஹிந்திலயும்."

"டேய், ரெண்டே வாக்கியம்டா. அடுத்து வர்றது இன்னதுன்னு சொல்லிட்டு எறங்கிரும் அந்தம்மா."

"அந்த ரெண்டு வாக்கியத்துக்குத்தாண்டா நாம ஜெயிலுக்குப் போனோம்."

"நீ போன. நான் ஹாஸ்டல்ல சோறு சரியில்லைன்னு வெளிய வந்தேன், வேன்ல ஏத்திட்டாய்ங்க."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "ரெண்டு பேரும் உள்ளயே இருந்திருக்கலாம். நாங்களாவது நிம்மதியா இருந்திருப்போம்."

அதோடு முடிந்திருக்கும். இது போல நூறு சண்டை முடிந்திருக்கிறது. ஆனால் மாமா சொல்லிவிட்டார்: "நான் ஒத்துக்கிட்டு லெட்டர் அனுப்பிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"செகரட்டரி நான்தான?"

அப்பா எழுந்து நின்றார். "முத்திரை?"

"குத்தாம எப்பிடி அனுப்புறது?"

என்னால் அப்பாவின் அந்த முகத்தை இன்றும் வரைய முடியும். ஏதோ வீட்டுப் பெண்ணை ஒருவன் கையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்த முகம். "அதத் தொட ஒனக்கு இனிமே உரிமை இல்ல" என்றார். மாமா காபிக் கோப்பையைக் குடிக்காமலே வைத்தார். அந்தக் கோப்பையை அம்மா சாயங்காலம்தான் கழுவினாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு இரண்டு கார்கள் வந்தன. ஒரு காரில் அப்பா, ஒரு காரில் மாமா. இரண்டு பேரும் இறங்கவில்லை. கூடத்தின் வாசலுக்கு இரண்டு பக்கமும் எஞ்சினை அணைத்துவிட்டு, செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு முடிந்து நாங்கள் சூயிங்கம் சுரண்டும்போது சாவிக்காரர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கேட்டார், "உங்கள் தந்தைமாருக்கு என்ன கேடு?"

சொன்னோம். இந்தி, மேடை, முத்திரை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னோம். முத்திரை என்றதும் கையிலிருந்த சுரண்டியை வாளிக்குள் எறிந்தார். தண்ணீர் என் ஷூவில் தெறித்தது. கோபம் எங்கள் மேல் என்று நினைத்துப் பயந்துபோனோம்.

அவர் பேசிய ஆங்கிலம் பல்லுக்கிடையில் அரைபட்டு வரும். நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். பிராக் நகரத்தில் அறுநூறு வருடத்தை நெருங்கிய ஒரு பல்கலைக்கழகம். செக் பேசுகிறவர்களும் ஜெர்மன் பேசுகிறவர்களும் ஒத்துப்போகாமல், அவர் பிறப்பதற்கு முன்பே அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரே ஊர், ஒரே பழம்பெருமை, இரண்டு பல்கலைக்கழகம். முதல் உலகப்போர் முடிந்து செக்குகளுக்குச் சொந்த நாடு வந்தது. ஆனால் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தின் முத்திரையும், பட்டமளிப்பில் ஏந்திவரும் செங்கோல்களும், தலைவர் அணியும் சங்கிலியும் ஜெர்மன்காரர்கள் வசமே தங்கிவிட்டன. நாடு நம்முடையது, முத்திரை அவர்களிடமா? இந்தக் கேள்வியைத் தின்று வளர்ந்த தலைமுறை அவருடையது.

இருபது வயதில் மாணவர் விடுதிக்கு வந்தார். மாணவர்களே பலகை அறைந்து கட்டிய விடுதி. சுவரில் விரிசல், விரிசலில் பனி. நான்கு பேருக்கு ஒரு நல்ல கோட்டு. யாருக்குத் தேர்வோ அவன் போட்டுப் போவான். உணவுக்கூடத்தில் மாவு உருண்டையும் சாறும். சாப்பாட்டு வரிசையில் குளிரும். ஊர்வல வரிசையில் குளிராது, அதனால்தான் பாதிப் பேர் ஊர்வலத்துக்கு வந்தோம் என்றார். முப்பதுகளின் நடுவில் ஓர் இலையுதிர்காலம், முத்திரையை ஒப்படைக்கச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. ஜெர்மன் மாணவர்கள் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே செக் மாணவர்கள், நாள்கணக்கில். போலீஸ், தடி, உடைந்த கண்ணாடி. இவர் தெருவில் பதித்திருந்த கல்லொன்றைப் பெயர்த்தெடுத்தார். கடைசியில் முத்திரை வந்தது! தொண்டை கிழியப் பாடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அங்கே நிறுத்தி, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மீதியை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

அவருடைய அத்தை ஒரு ஜெர்மன்காரரைக் கட்டியவர். அத்தை மகன் இவர் வயது. ஞாயிறுதோறும் இரண்டு பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள், காலால் உதைத்துக்கொண்டு. அந்த வாரம் அவன் கதவுக்கு உள்பக்கம் இருந்தான். அது தெரிந்துதான் இவர் கல்லை எறிந்தார். யார் மேல் பட்டதென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நடக்கவில்லை. ஐந்து வருடத்தில் ஹிட்லரின் படை ஊருக்குள் இருந்தது. செக் கல்லூரிகளை எல்லாம் மூடினார்கள்; விடுதி மாணவர்களைப் படுக்கையிலிருந்து அள்ளிக்கொண்டு வதைமுகாமுக்குப் போனார்கள். முத்திரை மறுபடி ஜெர்மன் பக்கம். போர் முடியும்போது அதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ரயிலில் ஏற்றினார்கள் என்று பேச்சு. அதற்குப் பிறகு அதைக் கண்டவர் யாரும் இல்லை. அத்தை மகனைக் கண்டவரும் இல்லை.

"முத்திரை இல்லாமல் பல்கலைக்கழகம் என்ன செய்தது?" என்று மாமா பெண் கேட்டாள்.

"புதிதாக ஒன்று செய்துகொண்டது" என்றார் சாவிக்காரர். "அதுவும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நாற்காலியைக் கவிழ்த்துப் போடு."

அன்றைக்கே வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன். அப்பாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு கதை கிடைத்தது அதுவே முதல் தடவை. விடுதி, கோட்டு, பூட்டிய கதவு. அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். முத்திரை வந்தது என்ற இடத்தில் எச்சில் கையோடு எழுந்தே விட்டார்.

"பாத்தியா! உலகம் பூரா இதுதான். மாணவன் தெருவுல எறங்குனாத்தான் மொழிக்கு உரிமை. இவ்வளவு பெரிய மனுசன் சாவிய மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, நமக்குத் தெரியாமப் போச்சே."

"மிச்சம் இருக்குப்பா."

"இரு, போன் பண்ணிட்டு வந்துர்றேன்."

ஒருத்தருக்கல்ல, ஐந்து வீட்டுக்குப் போன் பண்ணினார். நான் தயிர்சாதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ஆலையில் ஜெராக்ஸ் எடுத்த சுற்றறிக்கை எல்லா வீட்டுக்கும் போனது. 'செக் மாணவர் தம் முத்திரையை மீட்டதுபோல் நாமும் மீட்போம்.' அப்பாவின் கையெழுத்து, ஆணியால் கீறியதுபோல.

மாமா பதிலுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். வகுப்பு நின்றது. சங்கம் ஆறு குடும்பம், ஐந்து குடும்பம் என்று பிரிந்தது. சாவிக்காரருக்கு இரண்டு பேரும் போன் பண்ணி அலமாரியைத் திறக்கச் சொல்ல, அவர், "பதிவுப் புத்தகத்தில் எழுதிய நாளில் வாருங்கள்" என்று இரண்டு பேரிடமும் போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. மீதிக் கதையை அப்பா கேட்டுவிட்டால் மாமாவோடு பேசிவிடுவார். பேசிவிட்டால் வகுப்பு வரும், சனிக்கிழமை வரும், குதிரை இரண்டும் வரும். பன்னிரண்டு வயதின் தர்க்கம். ஐம்பத்திரண்டிலும் அதில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

காரில் ஆரம்பித்தேன். "அப்பா, அந்த முத்திரைக் கதைல..." "எக்ஸிட் வருது, பேசாத." ஷேவ் செய்யும்போது குளியலறை வாசலில் நின்றேன். "கன்னத்த வெட்டிக்குவேன், அப்புறம் வா." தொலைக்காட்சிச் செய்தியின்போது, விளம்பர இடைவேளையில். விளம்பரத்தையும் பார்த்தார்! அம்மாவிடம் போனேன். "உங்கப்பாவ நான் முழுசாப் பேசவிட்டுக் கேட்டிருக்கேன். என்னைய அவரு கேட்டதில்ல. நீ எந்த மூலைக்கு?" என்று கத்தரிக்காயை நறுக்கினாள்.

கடைசியில் எழுதினேன். மீதிக் கதை முழுவதையும், எனக்குத் தெரிந்த தமிழில், கோடு போட்ட தாளில், ஒரு பக்கம் முழுக்க. அத்தை மகன், கல், ஞாயிற்றுக்கிழமை, ரயில். கடைசி வரியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அப்பாவின் சாப்பாட்டு டப்பாவுக்கு மேல் மடித்துவைத்தேன். ஆலையில், தனியாக, இட்லியோடு, வேறு வழியில்லாமல் படிப்பார்.

படித்தார். சாயங்காலம் தாளைத் திருப்பித் தந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. சுழித்திருந்தார், அடித்திருந்தார், விட்டுப்போன புள்ளிகளை எல்லாம் வைத்திருந்தார். அடியில், கையெழுத்தும் தேதியும் போட்டு: 'நன்று. தமிழ் முன்னேறுகிறது.'

"எம்பொண்ணு ஒரு பக்கம் தமிழ் எழுதிட்டா" என்று அம்மாவிடம் கண்கலங்கச் சொன்னார். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். என்ன எழுதியிருக்கிறாள் என்று அந்த மனிதர் பார்க்கவே இல்லை.

பொங்கல் சனிக்கிழமை வடகாற்று வந்துவிட்டது. டெக்சஸில் அது ஒரே ராத்திரியில் வரும், கத்தி போல. பதினோரு மணிக்கு நாங்கள் போய் இறங்கினால், மாமா கட்சியும் இறங்குகிறது. இரண்டு பானை, இரண்டு கரும்புக் கட்டு, இரண்டு பேனர். பேனரில் அதே பெயர். நடந்தது இதுதான்: இரண்டு கட்சியும் தனித்தனியாக அதே நாளுக்குப் பதிவு செய்திருக்கின்றன. குழி உள்ள இடம் வேறு கிடையாதே. சாவிக்காரரின் புத்தகத்தில் இரண்டுமுறை 'தமிழ்ச் சங்கம்' என்று வந்ததும், ஒரே ஆட்கள்தான் மறதியில் மறுபடி சொல்கிறார்கள் என்று ஒன்றை அடித்துவிட்டார்.

ஆண்கள் கைகட்டி நின்றார்கள். பெண்கள், இவர்கள் தீப்பெட்டியை மறந்து அவர்கள் வெல்லத்தை மறந்து வந்திருந்ததால், பேசாமலே பண்டமாற்று செய்துகொண்டு ஒரே குழியில் இரண்டு பானையையும் ஏற்றிவிட்டார்கள். குளிருகிறதே.

சாவிக்காரர் அலமாரி முன் நின்றார். "உங்களில் யார் தமிழ்ச் சங்கம்?"

அப்பாவும் மாமாவும் சேர்ந்து கை தூக்கினார்கள், வகுப்பில் தூக்குவதுபோல.

"கடிதம்?"

இரண்டு பேரும் நீட்டினார்கள்.

"இரண்டிலும் முத்திரை இல்லையே."

"முத்திரை உள்ள இருக்கு" என்று அப்பா அலமாரியைக் காட்டினார்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். செக் மொழியில் ஏதோ சொன்னார், வாழ்த்து அல்ல. பிறகு சாவி மாலையைக் கழற்றி அலமாரியைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். அப்பாவின் கை முந்தியது. மாமா அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரே கம்பளிக்குள் படுத்திருந்த இரண்டு கைகள்.

"விடுடா."

"நீ விடுடா. ஒனக்குப் பைத்தியமாடா?"

"இது மொழி விஷயம்."

"இது ரப்பர்டா, பாவி!"

மாமாதான் விட்டார். அப்பா முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேராகச் சாவிக்காரரிடம் போய், அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "சார், உங்கள் போராட்டம்தான் எங்களுக்கு வழிகாட்டி" என்றார் ஆங்கிலத்தில், குரல் உடைய.

சாவிக்காரர் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கழுதை முகக் குதிரையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"இவரிடம் நீ என்ன சொன்னாய்?"

"முடிக்க விடவில்லை" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு, "இரண்டு மணிக்குக் காலி செய்யவேண்டும். தரையைத் துடைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

வெளியே மாமா தன் கட்சியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மாமா பெண்ணும் குதிரையோடுதான் வந்திருந்தாள். கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு தாவு தாவிக் காட்டினாள், ஒத்திகையின் முதல் அடி. நான் இரண்டாவது அடியைத் தாவினேன். அவள் மூன்றாவதை வைப்பதற்குள் மாமா குதிரையைக் கழற்றி டிக்கியில் அமுக்கிவிட்டார். கார் திரும்பிப் போகும்போது சிவப்பு உல்லன் வால் டிக்கியிலிருந்து வெளியே தொங்கி, காற்றில் ஆடி ஆடிப் போயிற்று.

அப்புறம் என்ன. மாமா அடுத்த மாதமே யாரிடமோ சொல்லி, சென்னையிலிருந்து இன்னொரு ஸ்டாம்ப் வரவழைத்துவிட்டார். அதே பனை, அதே நட்சத்திரம். அச்சு இன்னும் தெளிவு என்று கேள்வி. பாடப்புத்தகங்கள் இரண்டு சங்கத்துக்கும் பெட்டி பெட்டியாக வந்தன. ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு, ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. அடுத்த பொங்கலுக்குள் இரண்டும் மூடின. புத்தகங்களை எங்கள் கராஜில் கரப்பான்கள் படித்தன. அப்பாவின் முத்திரை வீடு மாறியபோது எங்கோ போயிற்று. எங்கே என்று அவருக்கே தெரியாது. சாவிக்காரர் என்ன ஆனார் என்று எழுத எனக்கு ஆசைதான். எனக்கும் தெரியாது.

மாமா பெண் இப்போது கலிபோர்னியாவில், லிவர்மோரில் இருக்கிறாள். பத்து வருடம் முன்பு ஃபேஸ்புக்கில் கண்டெடுத்தேன். பேச முயன்றோம், ட்ராஃபிக்கும் பிள்ளைகளின் கல்லூரியும் பேசினோம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளிடமிருந்து ஒரு குதிரைப் படம் வரும். வேறு சொல் கிடையாது. நானும் குதிரையே அனுப்புவேன். மாமா நான்கு வருடம் முன்பு போய்விட்டார். சடங்கை ஜூமில் காட்டினார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தார், மைக்கை அணைத்துவிட்டு. முடிந்ததும், "அந்தக் கம்பளிய அவந்தான் இழுத்தான்" என்றார்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு, என்னோடு இருக்கிறார். போன வாரம் லோகோ வழக்குச் செய்தி வாட்ஸாப்பில் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லோகோவ விடக்கூடாதும்மா. அது அடையாளம். அந்தச் செக் மாணவங்க..."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மாடிக்குப் போனேன். பழைய சான்றிதழ்க் கோப்பின் அடியிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்து வந்தேன். சிவப்பு மை பழுப்பாகியிருந்தது. "படிங்கப்பா. திருத்தாமப் படிங்க" என்று கொடுத்து, கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்து, தொலைக்காட்சியை அணைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். அத்தை மகனிடம் வந்ததும் கண் ஒருமுறை மேல் வரிகளுக்குப் போய்விட்டு மறுபடி இறங்கிவந்தது. கல். ஞாயிற்றுக்கிழமை. ரயில். உதடு அசைவது நின்றபோது கடைசி வரியில் இருந்தார் என்று தெரிந்தது. பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில் அங்கே இருப்பது இது: 'இப்போது அந்த முத்திரை யாரிடமும் இல்லை. ஆகையால் அப்பா மாமாவிடம் பேசவும்.' அந்த வரியிலும் இரண்டு சுழி போட்டிருக்கிறார்.

தாளை மடியில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நிஜமான வருத்தத்தோடு, நிஜமான குற்றச்சாட்டோடு, கேட்டார்:

"இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

தாளின் அடியில், அவர் கையெழுத்துக்கும் தேதிக்கும் மேலே, விரலை வைத்தேன். நன்று. தமிழ் முன்னேறுகிறது.

இரண்டு மலர் ஆசிரியர்களுக்கும்: இதில் பிழைகள் இருக்கும். திருத்துவதற்கு முன்னால் ஒருமுறை கடைசி வரை படித்துவிடுங்கள்.